கூரையைத் தவிர எல்லாம் நகல்

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் ஒரு கிராமத்து சர்ச் வருமே, சாய்ந்த கூரையும் கூர்ந்த ஜன்னல்களுமாக! எங்கோ நேரில் பார்த்தது போல ஓர் எண்ணம் வரும். அது வெறும் பிரமையல்ல. உலகத்தின் பல மூலைகளில் நிற்கும் இத்தகைய சின்னஞ்சிறு ஆங்கிலிக்கன் ஆலயங்களில் பல, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய பரீட்சைத் தாள்கள். அதிகம் பார்த்து எழுதப்பட்ட தாள்களில் ஒன்று இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜுக்கு வடமேற்கே சுமார் 10 கிலோமீட்டரில், லாங்ஸ்டான்டன் என்ற ஊரில் இருக்கிறது.

ஆனால் கதையைக் கெய்ரோவில் தொடங்குவதுதான் நியாயம். அங்கே 879-இல் கட்டி முடித்த இப்னு தூலூன் மசூதிக்குள் நுழைந்தால், வரிசை வரிசையாகக் கூர்முனை வளைவுகள். ஐரோப்பாவில் அப்போது அரைவட்ட வளைவுதான் வழக்கம். இத்தாலியின் அமால்ஃபி துறைமுக வணிகர்கள் எகிப்தோடு வியாபாரம் செய்தவர்கள். அவர்கள் வழியாக இந்த வளைவு 1071-இல் அர்ப்பணிக்கப்பட்ட மோன்டே கஸ்ஸினோ மடத்துக்கும், அங்கிருந்து பிரான்ஸின் க்ளூனி மடத்துக்கும் போயிருக்கலாம் என்று வரலாற்றாசிரியர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். லண்டன் செயின்ட் பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென், இந்தக் கூர்முனை வளைவுப் பாணிக்குக் ‘காத்திக்’ என்ற பெயரே தப்பு, இதைச் சாரசென் பாணி, அதாவது அரபுப் பாணி என்றே சொல்ல வேண்டும் என்று வாதாடினார். ஆனால் பெயர் மாறவில்லை.

சுமார் 1230-இல் அந்தக் கூர்முனை வளைவு லாங்ஸ்டான்டன் வயல்வெளிக்கு வந்து சேர்ந்தபோது நன்றாக இளைத்திருந்தது. பேராலய ஆடம்பரம் எதுவும் இல்லை. அங்கே எழுந்த தூய மிக்கேல் ஆலயத்துக்குக் கோபுரம்கூடக் கிடையாது. மேற்குச் சுவரையே முக்கோணமாக உயர்த்தி, உச்சியில் இரண்டு திறப்பு விட்டு, திறப்புக்கு ஒன்றாக மணியைத் தொங்கவிட்டுவிட்டார்கள். சுவர் சரியாமல் இருக்க இரண்டு தடித்த உதைசுவர்கள். சபையார் உட்காரும் கூடம், கிழக்கே சற்றுக் குறுகலாகப் பலிபீடப் பகுதி, தெற்கே ஒரு வாசல் மண்டபம். கூரை நாணல் வேய்ந்தது. நம் ஊரில் கீற்று முடைகிறவர் பார்த்தால், தூரத்துச் சொந்தக்காரர் வீடு என்றே நினைப்பார்.

கட்டியபோது அது கத்தோலிக்கக் கோவில். 1534-இல் எட்டாம் ஹென்றி ரோமாபுரியோடு உறவை முறித்ததும், ஒரு கல்லும் நகராமலே அது ஆங்கிலிக்கன் ஆகிவிட்டது. அடுத்த முந்நூறு ஆண்டுகள் அதைத் தேடி வந்து ரசித்தவர் என்று சொல்ல அதிகம் பேர் இல்லை.

1839-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி மாணவர்கள் இருவர் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஒருவர் ஜான் மேசன் நீல், மற்றவர் பெஞ்சமின் வெப். ‘நல்ல அரசன் வென்செஸ்லாஸ்’ என்ற கிறிஸ்துமஸ் பாட்டைப் பின்னாளில் எழுதியவர் இதே நீல்தான். சங்கத்துக்குக் கேம்பிரிட்ஜ் கேம்டன் சங்கம் என்று பெயர். கொள்கை எளிது: இடைக்காலத்துக் கிராமத்து ஆலயமே உண்மையான ஆலயம், கிரேக்கத் தூண்கள், மாடி இருக்கைகள், பணக்காரக் குடும்பங்களுக்கான பெட்டி இருக்கைகள் எல்லாம் அபத்தம். அளவுகோலோடு கிளம்பி ஊர் ஊராக அளந்தார்கள். புதிதாக எழும்பும் ஆலயங்களுக்கு, தேர்வு விடைத்தாள் திருத்துகிற கறாரில், தங்கள் பத்திரிகையில் தீர்ப்பு எழுதினார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அதிகப்பிரசங்கம் என்று தள்ளிவிட முடியவில்லை. சில ஆண்டுகளுக்குள் ஆயர்கள் பலர் உறுப்பினராகிவிட்டார்கள்.

சிறிய ஆலயத்துக்கு மாதிரி வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அவர்கள் காட்டிய கட்டடங்களில் ஒன்று தூய மிக்கேல். அதைவிட அழகான ஆலயங்கள் இங்கிலாந்தில் எத்தனையோ உண்டு. இது சின்னது, காலம் தெளிவானது. எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் நடந்து போய் அளந்துவிட்டு மாலைக்குள் கல்லூரிக்குத் திரும்பிவிடலாம். புகழுக்கு இப்படியும் காரணங்கள் அமைகின்றன.

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா வணிகர் ராபர்ட் ரால்ஸ்டன், நகருக்கு வெளியே ஸ்கூல்கில் நதிப் பக்கம் ஒரு கிராமத்து ஆலயம் எழுப்ப ஆசைப்பட்டார். கேம்பிரிட்ஜ் சங்கம் அங்கீகரித்த வரைபடம் வேண்டும் என்றார். அவர் கைக்குக் கிடைத்தவை ஜி.ஜி. பிளேஸ் என்ற கட்டடக் கலைஞர் தூய மிக்கேலை அளந்து வரைந்த படங்கள். 1846-இல் வேலை தொடங்கியது. உள்ளூரில் மேற்பார்த்தவர் ஜான் கார்வர். விளைந்தது புனித ‘சின்ன யாக்கோபு’ ஆலயம்: அதே மேற்குச் சுவர், அதே இரட்டை மணித் திறப்பு, அதே உதைசுவர்கள். நாணல் மட்டும் கப்பல் ஏறவில்லை. அமெரிக்கர்கள் அதைப் பார்த்துக் கட்டத் தொடங்கினார்கள். நகலின் நகல்.

கல்லுக்கும் கொத்தனாருக்கும் காசில்லாத ஊர்கள் என்ன செய்யும்? அங்கே ரிச்சர்ட் அப்ஜான் வருகிறார். இங்கிலாந்தில் மேசை நாற்காலி செய்கிற தச்சராகப் பழகி, அமெரிக்கா போய்க் கட்டடக் கலைஞரானவர். ஏழைச் சபைகள் வரைபடம் கேட்டு எழுதிய கடிதங்கள் குவியவே, 1852-இல் ஒரு புத்தகமே போட்டுவிட்டார். மரப் பலகையை நெடுக்காக நிறுத்தி, இடுக்கை மெல்லிய சட்டத்தால் மூடுவது எப்படி என்பது முதல் எல்லாம் அதில் உண்டு. ஊர்த் தச்சர் ஒருவர் போதும், காத்திக் ஆலயம் தயார். நானூறு ஆண்டுகள் கல்லில் வளர்ந்த கலை ரம்பத்துக்கும் ஆணிக்கும் இறங்கி வந்ததில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பலகைச் சுவர்களில் ஒரு நேர்மை இருக்கிறது.

நியூசிலாந்துக்கும் சங்கம் யோசனை சொன்னது. புதிய நாட்டுக்குக் காத்திக் அதிகம், அதற்கும் முந்தைய நார்மன் பாணி போதும் என்று கேம்பிரிட்ஜில் உட்கார்ந்தபடி முடிவு கட்டினார்கள். நியூசிலாந்து ஆயர் செல்வினுக்காக அங்கே உண்மையில் எழுந்தவையோ கூர்ந்த கூரை கொண்ட மரக் கட்டடங்கள். முக்கியமாக வரைந்தவர் பெயர் ஃபிரெடரிக் தாட்சர். ‘தாட்சர்’ என்றால் கூரை வேய்பவர்! அவரும் நாணல் வேயவில்லை.

வெப்பநாடுகளில் காத்திக்கை எப்படிப் பொருத்துவது என்று வெப் 1845-இல் தனியே ஒரு கட்டுரை எழுதினார். அதே நாற்பதுகளில் திருநெல்வேலிச் சீமையின் தேரி மணலில், மெஞ்ஞானபுரத்தில், வேல்ஸ் நாட்டு மிஷனரி ஜான் தாமஸ் ஒரு காத்திக் ஆலயம் எழுப்பிக்கொண்டிருந்தார். கேம்பிரிட்ஜ்காரர்களின் அடக்கமெல்லாம் இங்கே செல்லுபடியாகவில்லை. கோபுரம் இல்லாமல் கோவிலா? பனங்காட்டுக்கு மேலே 192 அடிக்கு அது எழும்பி நிற்கிறது.

ஃபிலடெல்ஃபியா நகல் இன்று அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னம். சொத்து யாருக்கு என்று மறைமாவட்டத்தோடு நடந்த வழக்கில் தோற்ற சபை 2006-இல் வெளியேறியது. 2011 முதல் அந்த வளாகத்தில் ஒரு பள்ளிக்கூடம் நடக்கிறது. லாங்ஸ்டான்டன் மூலத்தைப் பழைய ஆலயங்களுக்கான ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது. அதன் கூரையில் இன்றைக்கும் நாணல்தான்.