பெண்களும் உடற்பயிற்சியும்: உடற்படிமத்தின் வரலாறு

ஒருவர் தம் உடலைப் பற்றி மனத்தில் வரைந்து வைத்திருக்கும் உருவம் உடற்படிமம் எனப்படும். அது கண்ணாடியில் தெரியும் உருவத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பதில்லை. சுற்றியிருப்பவர்களின் பேச்சும், அந்தந்தக் காலம் அழகு என்று கருதுவதும் சேர்ந்தே அதை உருவாக்குகின்றன. பெண்கள் உடற்பயிற்சி செய்யலாமா, செய்தால் எதற்காக என்ற கேள்விகளுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடந்த 150 ஆண்டுகளில் கூறப்பட்ட விடைகள் இப்படிமத்தைப் பெரிதும் மாற்றியுள்ளன. முதலில் பெண்ணின் உடலால் இயலாது என்றனர். பின்னர் மெலிவதற்காகச் செய்ய வேண்டும் என்றனர். உடலின் நலத்துக்காகவும் வலிமைக்காகவும் செய்வது என்ற மனப்பாங்கு இவ்விரண்டையும் கடந்தே வலுப்பெற்றது.

இடைக்கச்சும் மிதிவண்டியும்

19ஆம் நூற்றாண்டில் வசதியுள்ள வீட்டுப் பெண்கள் திமிங்கில எலும்பு அல்லது எஃகுப் பட்டைகள் வைத்துத் தைத்த இறுக்கமான இடைக்கச்சை அணிந்தனர். இடை சிறுத்துத் தெரிவதே அதன் நோக்கம். கச்சு மூச்சைத் தடுத்ததால் வேகமாக நடப்பதுகூடச் சிரமமாயிற்று. அந்தச் சிரமமே பெண்ணுடல் இயல்பிலேயே பலவீனமானது என்பதற்குச் சான்றாகவும் காட்டப்பட்டது.

மருத்துவர் சிலரும் இக்கருத்துக்குத் துணைநின்றனர். ஹார்வர்டில் மருத்துவப் பேராசிரியராக இருந்த எட்வர்ட் கிளார்க், கடுமையாகப் படிக்கும் பெண்களின் கருப்பை நலம் கெடும் என்று 1873இல் எழுதினார். மேரி பட்னம் ஜேக்கபி என்ற பெண் மருத்துவர் இதற்கு மறுப்பு எழுதினார். 268 பெண்களிடம் வினாப்பட்டியல் மூலம் செய்தி திரட்டியும், நாடித்துடிப்பு முதலியவற்றை அளந்தும், மாதவிடாய்க் காலத்தில் எல்லாப் பெண்களும் ஓய்ந்து கிடக்க வேண்டியதில்லை என்று நிறுவினார். 1876இல் ஹார்வர்டின் பாய்ல்ஸ்டன் பரிசு இவ்வாய்வுக்கே கிடைத்தது.

1881இல் லண்டனில் பகுத்தறிவு உடைச் சங்கம் தோன்றியது. பெண்ணின் உள்ளாடைகளின் மொத்த எடை ஏழு பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது அதன் கோரிக்கைகளுள் ஒன்று. ஏழு பவுண்டு என்பது மூன்று கிலோவுக்கும் மேல். அதுவே குறைந்த எடையாகக் கருதப்பட்டதிலிருந்து அக்கால உடையின் சுமையை உணரலாம். 1890களில் மிதிவண்டி பரவியபோது பெண்களின் உடை தானாகவே எளிமையாயிற்று. மிதிவண்டி ஓட்டும் பெண்ணின் முகம் இறுகி அழகு கெட்டுவிடும் என்ற எச்சரிக்கைகள் அக்காலத்தில் வெளிவந்தன. அவற்றையும் மீறிப் பெண்கள் ஓட்டினர்.

1928: 800 மீட்டர் ஓட்டம்

1896 ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இடமில்லை. 1900 முதல் டென்னிஸ் போன்ற சில விளையாட்டுகளில் அனுமதி கிடைத்தாலும் தடகளக் கதவு திறக்கவில்லை. பிரான்சின் அலிஸ் மில்லியா 1921இல் பெண்களுக்கெனப் பன்னாட்டு விளையாட்டுக் கூட்டமைப்பை அமைத்து, அடுத்த ஆண்டே பாரிசில் தனிப் போட்டிகளை நடத்தினார். இந்த நெருக்குதலின் பயனாக 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு ஐந்து தடகளப் போட்டிகள் சேர்க்கப்பட்டன.

அவற்றுள் ஒன்றான 800 மீட்டர் ஓட்டத்தில் ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் ஓடி உலகச் சாதனையுடன் வென்றார். ஜப்பானின் கினுவே ஹிட்டோமி இரண்டாவதாக வந்தார். இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பெண்களும் எல்லைக்கோட்டைத் தொட்டனர். ஆனால் பலர் பாதியில் நின்றதாகவும் மயங்கி விழுந்ததாகவும் செய்தித்தாள்கள் எழுதின. ஓட்டம் முடிந்ததும் களைத்து அமர்வது ஆண்களிடமும் காணப்படுவதே; பெண்களிடம் கண்டபோது அது ஆபத்தாகக் கருதப்பட்டது. அப்போட்டி ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டு, 32 ஆண்டுகள் கழித்து 1960 ரோம் ஒலிம்பிக்கில்தான் திரும்ப வந்தது.

பாஸ்டன் மாரத்தான்

1966இல் பாஸ்டன் மாரத்தானில் ஓட விண்ணப்பித்த பாபி கிப்புக்கு, பெண்ணின் உடல் அவ்வளவு தூரத்தைத் தாங்காது என்று மறுப்புக் கடிதம் வந்தது. அவர் தொடக்க இடத்தருகே புதரில் மறைந்திருந்து கூட்டத்தோடு கலந்து, 3 மணி 21 நிமிடங்களில் ஓடி முடித்தார். மறு ஆண்டு கேத்ரின் ஸ்விட்சர் தம் பெயரின் முதலெழுத்துகளை மட்டும் எழுதிப் பதிவு செய்து, 261 என்ற எண்ணுடன் ஓடினார். வழியில் அலுவலர் ஒருவர் அந்த எண்ணைப் பிடுங்க முயன்ற ஒளிப்படம் உலகெங்கும் பரவியது. 1972இல் பாஸ்டனில் பெண்களுக்கு முறையான அனுமதி கிடைத்தது. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்கள் மாரத்தான் நடந்தபோது, அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 வினாடியில் வென்றார்.

பெண்கள் ஓடத் தொடங்கிய பின்னும் அவர்களுக்கேற்ற உடை உடனே கிடைக்கவில்லை. 1977இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் ஆகிய மூவரும் சேர்ந்து விளையாட்டு மார்க்கச்சை உருவாக்கினர். ஆண் வீரர்களுக்கான உள்ளாடை இரண்டை இணைத்துத் தைத்ததே அதன் முதல் மாதிரி.

எடை அட்டவணையும் ஏரோபிக்சும்

தடைகள் தளர்ந்த அதே காலத்தில் வேறோர் அளவுகோல் வலுப்பெற்றது. 1940களில் அமெரிக்காவின் மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் உயரத்துக்கு ஏற்ற எடை அட்டவணைகளை வெளியிட்டது. காப்பீடு எடுத்தவர்களின் இறப்புக் கணக்கிலிருந்து தயாரான அட்டவணை, ஒவ்வொரு பெண்ணும் எட்ட வேண்டிய இலக்காகக் கருதப்படலாயிற்று.

இன்று பரவலாகப் பயன்படும் உடல் நிறை குறியெண்ணின் சூத்திரம் 1830களில் பெல்ஜியக் கணிதவியலர் அடோல்ஃப் கெட்லே தந்தது. அவர் தேடியது சராசரி மனிதனின் அளவுகளையே. ஒருவரின் பருமனைத் தீர்மானிப்பது அவர் நோக்கமன்று. 1972இல் ஆன்சல் கீஸ் குழுவினர் அதற்கு இன்றைய பெயரைச் சூட்டினர். அவர்கள் ஆராய்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அனைவரும் ஆண்கள். இக்குறியெண் தசையையும் கொழுப்பையும் பிரித்துக் காட்டாது. ஆசிய மக்களுக்குக் குறைந்த குறியெண்ணிலேயே நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றின் அபாயம் தொடங்குவதால், 23 என்ற அளவிலேயே கவனம் தேவை என உலக சுகாதார அமைப்பின் வல்லுநர் குழு 2004இல் கூறியது. ஆகவே அது மருத்துவருக்கு ஒரு குறிப்பாக உதவலாம்; தனியொருவரின் உடல்நலத்தை அதை மட்டும் கொண்டு கூற இயலாது.

1968இல் கென்னத் கூப்பர் எழுதிய ‘ஏரோபிக்ஸ்’ நூல் இதயத்தையும் நுரையீரலையும் வலுப்படுத்தும் பயிற்சியைப் பரப்பியது. 1982இல் நடிகை ஜேன் ஃபோண்டாவின் பயிற்சி ஒளிநாடா பல வீடுகளைச் சென்றடைந்தது. வெளியே செல்ல இயலாத பெண்களும் வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்ய அது வழிவகுத்தது. ஆனால் திரையில் தெரிந்த மெலிந்த உடலே பயிற்சியின் இலக்கு என்ற எண்ணமும் கூடவே வளர்ந்தது. தாம் நெடுங்காலம் உண்ணும் முறைக் கோளாற்றால் துன்புற்றதை ஃபோண்டாவே பின்னாளில் வெளிப்படையாகப் பேசினார்.

எல்லை மீறும்போது

போதிய உணவின்றிக் கடுமையாகப் பயிற்சி செய்தால், உடல் தன் ஆற்றலைச் சேமிக்கத் தொடங்கும். மூளையிலிருந்து வரும் இயக்குநீர்ச் சைகைகள் குறைந்து மாதவிடாய் நிற்கும். ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு வலுவிழக்கும். குறைவான உணவு, மாதவிடாய்க் கோளாறு, எலும்பு நலிவு ஆகிய மூன்றும் சேர்ந்த நிலைக்கு 1992இல் அமெரிக்க வல்லுநர்கள் ‘விளையாட்டு வீராங்கனையரின் முக்கோளாறு’ என்று பெயரிட்டனர். எலும்பின் வலிமையில் பெரும்பகுதி பதின்பருவத்திலேயே சேர்வதால், அவ்வயதில் நேரும் இழப்பைப் பிற்காலத்தில் முழுமையாக ஈடுசெய்வது கடினம்.

அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை கிறிஸ்டி ஹென்ரிச், எடை குறைக்க வேண்டும் என்று ஒரு நடுவர் சொன்னதைக் கேட்ட பிறகு உணவைக் குறைக்கத் தொடங்கினார். 1989 உலகப் போட்டியில் ஒரு பிரிவில் நான்காம் இடம் வரை உயர்ந்த அவர், உணவு மறுப்பு நோயால் உறுப்புகள் செயலிழந்து 1994இல் தம் 22ஆம் வயதில் இறந்தார். ஒரு சொல் மட்டுமே நோயை உண்டாக்குவதில்லை. எனினும் பயிற்றுநர், நடுவர், பெற்றோர் ஆகியோரின் சொல்லுக்குள்ள கனத்தை அவருடைய வாழ்க்கை உணர்த்துகிறது.

நலமான மனப்பாங்கு

2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மன் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகள் கணுக்கால் வரை மூடிய உடையில் போட்டியிட்டனர். அதே ஆண்டு நார்வே கடற்கரை ஹேண்ட்பால் அணியினர் குறுகிய உள்ளாடைக்குப் பதில் அரைக்கால் சட்டை அணிந்ததால் 1,500 யூரோ அபராதம் விதிக்கப்பட்டது. எதிர்ப்பு வலுத்ததும் அவ்வாண்டுக்குள்ளேயே அந்த விதி மாற்றப்பட்டது.

வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளேனும் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்றும், 5 முதல் 17 வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம் தேவை என்றும் உலக சுகாதார அமைப்பு 2020இல் பரிந்துரைத்தது. விறுவிறுப்பான நடை, விளையாட்டு, நடனம், வீட்டு வேலை ஆகிய அனைத்தும் இக்கணக்கில் சேரும். எடை குறையாவிட்டாலும் இதயம், எலும்பு, உறக்கம், மனநிலை ஆகியவற்றுக்கு இவற்றால் பயன் உண்டு.

பயிற்சியைச் சாப்பிட்டதற்கான தண்டனையாகக் கருதுவது, ஒருநாள் விட்டாலும் குற்ற உணர்வு கொள்வது, காயம்பட்டும் நிறுத்த மனம் வராதது, மாதவிடாய் தவறுவது ஆகியவை எச்சரிக்கை அறிகுறிகள். இவை தெரிந்தால் மருத்துவரை அணுக வேண்டும். படியேறும்போது மூச்சு வாங்காதது, தண்ணீர்க் குடத்தை எளிதாகத் தூக்குவது, இரவில் நன்றாக உறங்குவது போன்ற மாற்றங்களை எடைக்கருவி காட்டாது. பயிற்சியின் பயனை இவற்றைக் கொண்டு அறியும் பெண்ணுக்குத் தன் உடலோடு பகை வளர்வதில்லை.