திருக்கோயில் மரமும் பூஞ்சணமும்

உத்திரமேரூர் என்றவுடன் கற்றோர் நினைவில் எழுவது குடவோலையே. முதற் பராந்தகன் காலத்தனவாகிய கி. பி. 919, 921 ஆம் ஆண்டுகளின் சாசனங்கள் ஆண்டு வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் இன்றும் உள. அவை கூறும் ஓலையும் குடமும் எங்கே? கல் நின்றது, ஏனைய மறைந்தன. (இவ்வூர்ப் பெயரின் முதற்சொல் வடக்கெனப் பொருள்படும் உத்தரத்தின் திரிபேயன்றி, வீட்டு உத்திரமன்று.)

மரத்தின் கதியும் அதுவே. அப்பரடிகளாற் சைவஞ் சார்ந்தனன் என மரபு போற்றும் மகேந்திரவர்மன், மண்டகப்பட்டிற் குடைவித்த கோயிலைச் செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியனவின்றி ஆக்கினதாகச் சாசனம் பொறித்தான். முன்னைக் கோயில்கள் இவற்றாலேயே இயன்றன என்பது இதனாற் பெறப்படும். கற்கோயிலின் கொடுங்கையும் போதிகையும் தச்சர் வேலையின் நிழலே.

ஆயினும், மரம் கோயிலைவிட்டு நீங்கிற்றில்லை. தில்லைச் சிற்றம்பலத்தின் பொற்கூரையைத் தாங்குவன மரக்கைகளே. தேர், வாகனம், கதவு ஆகியனவும் மரமே. இவற்றை அழிப்பது பூஞ்சணம். அதற்கு ஈரமும் காற்றும் ஒருங்கு வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையேல் அது வளராது. காஞ்சி வரதராசர் கோயிற் குளத்தடியில் வைகும் அத்தி வரதர் திருமேனி, 1979 ஆம் ஆண்டிலும் 2019 ஆம் ஆண்டிலும் வெளிப்போந்தமை யாவரும் அறிவர். நீரினுள் ஆழ்ந்த மரத்தைப் பூஞ்சணம் எளிதில் அணுகாமைக்குக் காற்றின் குறைவே ஏது. நன்குலர்ந்த மரமும் கெடாது. நனைந்தும் உலர்ந்தும் மாறிவரும் மரமே கெடும். மண்ணைத் தொட்டு நிற்கும் தேர்ச்சக்கரம் முதலில் இற்றுப்போதல் இதனாலேயாம்.

தச்சர் வெளிறு நீக்கி வயிரங் கொள்வதும் இதுபற்றியே. தேக்கின் வயிரத்திற் பூஞ்சணத்தை அடக்கும் பொருள்கள் இயல்பாகவே அமைந்துள்ளன. அதன் வெளிற்றிலோ அத்துணையில்லை. இலுப்பையெண்ணெயும் வேப்பெண்ணெயும் பூசுதல் பழைய வழக்கம். எண்ணெய் நீரேறுதலைத் தாழ்த்தும். ஈரமுள்ள மரத்திற் பூசினாலோ அவ்வீரத்தை உள்ளே அடைத்துவைத்து எதிர்ப்பயனே தரும். இதனை அறியாது திருவிழாவின் முன்னாள் அவசரமாய்ப் பூசுவோர் பலர்.

தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த சொந்தி காமேசம் என்பார் 1933 இற் செம்பு, குரோமியம், ஆர்சனிக் என்னும் மூன்றன் உப்புக்களாற் கண்ட மருந்து உலகெங்கும் பரவிற்று. ஆர்சனிக் நஞ்சாதலின், 2003 இன் முடிவோடு அமெரிக்காவில் வீட்டு மரங்களுக்குப் பெரும்பாலும் அதனை நிறுத்தினர். சீபாதந்தாங்கிகள் தோளிற் சுமப்பதும், மாலையுஞ் சந்தனமும் சார்த்தப்பெறுவதுமாகிய வாகனத்திற்கு அஃது எவ்வாற்றானும் தகாது. வெண்காரக் கரைசல் உண்ணத்தக்கதன்று எனினும், ஊறு மிகக் குறைந்தது. மழையிற் கரைந்தொழிதலின் கூரைக்குட்பட்ட மரத்திற்கே ஏற்றது.

எதனைப் பூசினும் ஒழுகுங் கொட்டகையில் நிற்குந் தேர் பிழையாது. கூரை ஒழுக்கடைத்தல், சக்கரத்தைக் கற்பலகைமேல் நிறுத்தல், வாகனங்களைச் சுவரினின்றும் ஒரு சாண் விலக்கிக் காற்றோட விடுதல் ஆகிய இவை ஐப்பசி மழைக்கு முன்னரே செய்தற்பாலன.