போரை முடிக்க அணுகுண்டு: ஓர் அறநெறி விவாதத்தின் வரலாறு

போரை விரைந்து முடிப்பதற்காக அணுகுண்டு வீசுவது அறமாகுமா என்ற கேள்வி, 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவிலும் 9 அன்று நாகசாகியிலும் அமெரிக்கா குண்டு வீசியதைச் சுற்றியே இன்றுவரை பேசப்படுகிறது. போரில் அணுகுண்டு வீசப்பட்டது அந்த இரண்டு முறைதான். அவ்வாண்டு முடிவதற்குள் ஹிரோஷிமாவில் ஏறத்தாழ 1,40,000 பேரும் நாகசாகியில் ஏறத்தாழ 70,000 பேரும் இறந்தனர். பெரும்பாலோர் பொதுமக்கள், கட்டாய வேலைக்காகக் கொண்டுவரப்பட்ட கொரியர்களும் அவர்களில் உண்டு.

குண்டு விழுவதற்கு முன்பே விவாதம் தொடங்கிவிட்டது. 1945 மே 31 அன்று போர்த்துறைச் செயலர் ஹென்றி ஸ்டிம்சன் தலைமையில் கூடிய, அணுகுண்டு குறித்து ஆலோசனை கூறும் இடைக்காலக் குழு, ஜப்பானுக்கு எச்சரிக்கை தர வேண்டியதில்லை என்று முடிவெடுத்தது. பொதுமக்கள் வாழும் பகுதியைக் குறியாக்கக் கூடாது என்கிறது அந்தக் கூட்டத்தின் குறிப்பு. அதே குறிப்பு, ஏராளமான தொழிலாளர்கள் வேலை செய்கிற, அவர்களுடைய வீடுகள் நெருக்கமாகச் சூழ்ந்திருக்கிற போர்த் தொழிற்சாலையே மிகச் சிறந்த இலக்கு என்றும் சொல்கிறது. அந்த வீடுகளில் இருப்பவர்கள் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும்தான். பின்னாளில் எழுந்த வாதங்களுக்கெல்லாம் முன்னால் இந்த இரண்டு வாக்கியங்களை எடைபோட வேண்டும். ஹிரோஷிமாவில் ராணுவத் தலைமையகம் இருந்தது உண்மை. ஆனால் விமானம் குறிவைத்தது நகரின் நடுவே இருந்த அயோய் பாலத்தை. குண்டு வெடித்தது ஒரு மருத்துவமனைக்கு மேலே, சுமார் 600 மீட்டர் உயரத்தில். பண்பாட்டுச் சிறப்பைக் கருதி கியோத்தோ நகரை இலக்குப் பட்டியலிலிருந்து நீக்கியவரும் ஸ்டிம்சனே.

குண்டை உருவாக்கும் பணியில் இருந்த அறிவியலாளர்கள் பிளவுபட்டனர். ஜேம்ஸ் பிராங்க் தலைமையிலான குழு, ஆளில்லாத இடத்தில் குண்டை வெடித்துக்காட்டலாம் என்று ஜூனில் எழுதியது. ஓப்பன்ஹைமர் இடம்பெற்ற ஆலோசனைக் குழு, அப்படிச் செய்வது போரை முடிக்காது என்றது. குண்டின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தக் கோரிய லியோ சிலார்டின் மனுவில் 70 பேர் கையெழுத்திட்டனர். அது அதிபர் ட்ரூமனின் கைக்குப் போய்ச் சேரவில்லை.

குண்டை ஆதரிக்கும் வாதத்துக்கு நிலையான வடிவம் தந்தது 1947இல் ஸ்டிம்சன் எழுதிய கட்டுரை. ஜப்பான்மீது படையெடுத்திருந்தால் அமெரிக்கத் தரப்பில் மட்டும் இழப்பு பத்து லட்சத்தைத் தாண்டியிருக்கலாம் என்றார் அவர். ஜப்பானியப் பிடியில் இருந்த ஆசிய நாடுகளில் நாள்தோறும் மக்கள் மாண்டுகொண்டிருந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எளிதில் ஒதுக்கிவிடக்கூடிய வாதம் அல்ல இது. ஆனால் படையெடுப்பு நவம்பர் 1க்குத்தான் திட்டமிடப்பட்டிருந்தது. பேரரசர் பதவி நீடிக்கலாம் என்று உறுதி சொல்வது, சோவியத் ஒன்றியம் போரில் இறங்கும்வரை பொறுத்திருப்பது என வேறு வழிகளும் இருந்தன. ஆகஸ்ட் 8 அன்று சோவியத் போர் அறிவித்தது. அதன் விளைவைப் பார்க்கக்கூட அவகாசம் விடாமல் மறுநாளே நாகசாகியில் குண்டு விழுந்தது. முதல் குண்டை நியாயப்படுத்துவோரில் பலரும் இரண்டாவதுக்குப் பதில் சொல்லத் தடுமாறுகிறார்கள். ஆகஸ்ட் 10 அன்று, தம் அனுமதியின்றி இனியொரு குண்டு வீசக் கூடாது என ட்ரூமன் உத்தரவிட்டார்.

டோக்கியோ போர்க்குற்றத் தீர்ப்பாயத்தில் 1948இல் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய இந்திய நீதிபதி ராதாபினோத் பால், பசிபிக் போரில் நாஜித் தலைவர்களின் ஆணைகளுக்கு நெருங்கி வருவது எதுவென்றால் அணுகுண்டு முடிவுதான் என்றார். 1956இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் ட்ரூமனுக்குக் கௌரவப் பட்டம் தர முன்வந்தபோது மெய்யியலாளர் எலிசபெத் ஆன்ஸ்கம் எதிர்த்தார்: குற்றமற்றவர்களைக் கொல்வதையே வழியாகக் கொண்டு ஒரு நோக்கத்தை அடைவது கொலை, நிபந்தனையற்ற சரணடைதலை வற்புறுத்தியதே கேட்டின் வேர். அரசியல் சிந்தனையாளர் மைக்கேல் வால்சரும் 1977இல் ஏறத்தாழ இந்த இடத்துக்கே வந்துசேர்ந்தார்.

சட்டம் மெதுவாகவே நகர்ந்தது. 1963இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் இரு குண்டுவீச்சுகளும் பன்னாட்டுச் சட்டத்துக்கு முரணானவை என்றது. அணு ஆயுதப் பயன்பாடு பொதுவாகச் சட்டவிரோதம் என்று 1996இல் கருத்துரைத்த பன்னாட்டு நீதிமன்றம், ஒரு நாட்டின் இருப்பே கேள்விக்குள்ளாகும் தற்காப்பு நிலையில் எதையும் உறுதியாகக் கூற இயலாது என்று ஒதுங்கிக்கொண்டது. 1945 ஆகஸ்டில் அமெரிக்கா அந்த நிலையில் இல்லை. அணு ஆயுதங்களை முற்றாகத் தடைசெய்யும் உடன்படிக்கை 2021இல் நடைமுறைக்கு வந்தது. அணு ஆயுதம் வைத்திருக்கும் எந்த நாடும், இந்தியா உட்பட, அதில் சேரவில்லை.