கால்நடையாய் ஊர் கண்டவர்

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளின்மீது குண்டு பொழிந்த எம்டன் கப்பலைத் தமிழ் மக்கள் மறந்தாரில்லை. சூழ்ச்சியில் வல்லவனை ‘எம்டன்’ என்றே அழைக்கும் வழக்கமும் நம்மிடையே ஊன்றிவிட்டது. அடுத்த மாதம் அக்கப்பல் மூழ்கடித்தவற்றுள் ‘கிளான் கிராண்ட்’ என்னும் சரக்குக் கப்பலும் ஒன்று. அதனுள் சென்னைக்கு வந்துகொண்டிருந்த பொருள் விந்தையானது. பல நாட்டு நகரங்களின் வரைபடங்களும் ஓவியங்களும் அடங்கிய கண்காட்சி அது, கடலுக்கு இரையாயிற்று.

அதற்கு உரியவர் ஸ்காத்லாந்து நாட்டுப் பாட்ரிக் கெட்டிஸ். தாவரநூல் பேராசிரியர். செடியைப் போலவே ஊரும் உயிருள்ளது என்பது அவர் துணிபு. 1886இல் மணம் முடித்ததும், எடின்பரோவின் பழைய நகரில், வசதி படைத்தோர் கைவிட்டுப் போன நெருக்கடியான குடியிருப்பொன்றிலே தம் மனைவி அன்னாவுடன் குடிபுகுந்தார். அக்கம்பக்கத்தாருடன் கூடி வெள்ளையடித்தார், வெற்றிடங்களைத் தோட்டங்களாக்கினார். இத்தகைய மனிதர் கண்காட்சி போயிற்றே என்று முடங்குவாரா? நண்பர்கள் திரட்டியனுப்பிய புதிய படங்களைக் கொண்டு, 1915ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே சென்னைச் செனட் மண்டபத்தில் கண்காட்சியை நடத்திக் காட்டினார். அவரை வரவழைத்தவர் அந்நாளைய ஆளுநர் பெண்ட்லண்டு பிரபு.

பிறகு தஞ்சை, மதுரை முதலிய ஊர்களுக்குச் சென்றார். சென்றார் என்பதைவிட, நடந்தார் என்பதே பொருந்தும். வரைபடத்தை மேசைமீது விரித்துக் கோடிடுவதற்கு முன், தெருத்தெருவாக, சந்துசந்தாக நாள்கணக்கில் நடக்கவேண்டும் என்பது அவர் விதித்துக்கொண்ட நெறி.

அக்காலத்தில் பிளேக்கிற்கும் காலராவிற்கும் அஞ்சிய நகராட்சிகள் அறிந்த மருந்து ஒன்றே: நெருக்கமான தெருக்களின் நடுவே நேரான அகன்ற சாலையை வெட்டிச் செல்வது. வீடிழந்தவர் எங்கே போவர் என்று கெட்டிஸ் வினவினார். அடுத்த தெருவிலே அடைவர். அங்கே நெருக்கம் மிகும். நோயும் உடன் செல்லும். மேலும், நமது வெயிலில் அகன்ற சாலை புழுதிக்கும் அனலுக்கும் இடமாகுமேயன்றி நடப்பவனுக்கு நிழல் தராது. தஞ்சைக் கோட்டைப் பகுதிக்கு அவர் கூறிய மாற்றுவழி வேறு. பாழடைந்து நிற்கும் சில வீடுகளை மட்டும் அகற்றுக; ஆங்காங்குள்ள வெற்று மனைகளை ஒன்றோடொன்று இணைத்திடுக; அவ்விடத்தே மரம் நடுக. குழந்தைகள் ஓடியாடவும் முதியோர் உலவி அமரவும் வீட்டு வாயிலருகே திறந்தவெளி கிடைத்துவிடும், செலவும் குறையும். உறுப்பைத் துண்டியாமல் உயிரைக் காக்கும் அறுவை மருத்துவம் என்று இதனை அவர் கருதினார். குளங்கள் கொசுவை வளர்க்கின்றன, தூர்த்துவிடுக என்றவர்களுக்கும் அவரிடம் விடையுண்டு: தூய்மை செய்து மீனும் வாத்தும் விடுங்கள் என்பதே அது.

1917ஆம் ஆண்டு அவருக்குக் கொடியது. மூத்த மகன் பிரான்சுப் போர்க்களத்தில் மாண்டான். மனைவி இந்திய மண்ணிலேயே காய்ச்சலால் இறந்தார். அவ்வாண்டுத் தீபாவளியின்போதுதான் இந்தூரில் அவர் ஒரு நாள் மகாராஜாவாக ஊர்வலம் வந்தார். எந்தத் தெருவார் தம் வீடுகளை நன்கு துப்புரவு செய்கின்றனரோ அந்தத் தெரு வழியே ஊர்வலம் என அறிவித்திருந்தார். ஊரே துடைப்பத்தைக் கையிலெடுத்தது. பிளேக் எலியின் பேருருவமும் அழுக்கரக்கனின் உருவமும் முடிவில் எரிக்கப்பட்டன. ஆயிரம் சுற்றறிக்கைகள் செய்யாததை ஒரு திருவிழா செய்தது!

அவருடைய அறிக்கைகள் படிப்போரின் பொறுமையைச் சோதிப்பவை. கிளைக்குள் கிளையாகச் செல்லும் நடை. அதனாலோ என்னவோ, பல அலுவலகங்களில் அவை அடுக்கிலேயே உறங்கின. சென்னையில் 1920இல் நகரமைப்புச் சட்டம் பிறந்தது உண்மை. ஆனால் அதன்பின் எழுந்த தியாகராய நகருக்காக மாம்பலத்துப் பெரிய ஏரியையே வற்றவைத்தனர். கெட்டிஸ் அதற்கு உடன்பட்டிருப்பார் என்று நான் நம்பவில்லை. பனகல் பூங்காவையும் அதனைச் சுற்றிய தெருக்களையும் மட்டும் அவர் பாராட்டியிருக்கக்கூடும்.

பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின. அந்நகரிலேயே நடப்பவனுக்குக் கால் வைக்க இடமில்லாதுபோயிற்று. சர்க்கரை நோயாளர்க்கு மருத்துவர் நடக்கச் சொன்னார். நடப்பதற்குத் தெருவைக் காணோம். 2014இல் சென்னை மாநகராட்சி நடப்போர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் உரிய கொள்கை ஒன்றை வகுத்தது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் வண்டிகளுக்குரிய இடத்தைச் சுருக்கி அமைத்த அகன்ற நடைபாதை திறந்துவைக்கப்பட்டது. திறந்த சில நாள்களிலேயே மாலை வேளைகளில் அங்கே குழந்தைகள் ஓடத் தொடங்கிவிட்டனர்.