வலை உலர்த்தும் உரிமை

வடகிழக்குப் பருவக்காற்றின் காலத்தில் நாகை, காரைக்கால் முதலிய பகுதிகளின் மீனவர்கள் ஆண்டுதோறும் கோடியக்கரைக்கு வருகின்றனர். கரையில் குடிசை அமைத்துச் சில மாதங்கள் தங்கித் தொழில் செய்து திரும்புகின்றனர்.

இவ்வழக்கத்தை நினைவூட்டும் சட்ட விதியொன்று கி.பி. 533இல் ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட ‘இன்ஸ்டிட்யூட்ஸ்’ என்னும் சட்டநூலில் உள்ளது. கடலைப் போன்றே கடற்கரையின் பயன்பாடும் அனைவர்க்கும் உரியது. எவரும் அங்கே ஒதுங்கக் குடிசை அமைக்கலாம், வலை உலர்த்தலாம் என்பது அவ்விதி. கடல்மீன் பிடித்தவர்க்கே உரியது என்றும் அந்நூல் கூறுகிறது. இவற்றுக்கு அது காட்டும் அடிப்படை ‘யூஸ் கென்டியம்’, அதாவது மக்களினம் அனைத்திற்கும் பொதுவான சட்டம்.

ரோமரின் குடிமைச் சட்டம் ரோமக் குடிமக்களுக்கே உரியதாயிருந்தது. வணிகத்தால் அயலார் பெருகவே, கி.மு. 242ஆம் ஆண்டளவில் அவர்தம் வழக்குகளுக்கெனத் தனி நீதியதிகாரி ஏற்பட்டார். சடங்குச் சொற்கள் வேண்டாது, நம்பகத்தையே அடிப்படையாகக் கொண்ட விற்பனை, வாடகை, கூட்டு வணிகம் ஆகிய ஒப்பந்தங்கள் அயலார்க்கும் செல்லுபடியாயின. இயற்கையறிவு எல்லா மக்களிடத்தும் நிலைநாட்டிய சட்டம் இது என 2ஆம் நூற்றாண்டில் காயஸ் விளக்கினார்.

ஃபிக்ஹு கற்றோர்க்கு இக்கருத்து அந்நியமன்று. நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் பங்காளிகள் என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் உள்ளது. ‘மக்கள்’ என்று வரும் அறிவிப்பைச் சுட்டி, முஸ்லிமல்லாதார்க்கும் இப்பங்கு உண்டென 11ஆம் நூற்றாண்டில் இமாம் ஸரக்ஸீ (ரஹ்) தம் ‘அல்மப்ஸூத்’ நூலில் விளக்கினார். கடல்மீன் ‘முபாஹ்’, பிடிக்குமுன் அதனை விற்பது செல்லாது.

இத்தகைய ஒப்புமைகளைக் காட்டி, இஸ்லாமியச் சட்டம் ரோமிடம் கடன்பட்டதென மேலைக் கீழ்த்திசையியலாளர் சிலர் வாதிட்டனர். ஒப்புமை மட்டுமே கடனுக்குச் சான்றாகாது. கோடியக்கரை மீனவர் ஜஸ்டினியனையும் படித்ததில்லை, ஸரக்ஸீயையும் படித்ததில்லை. ஒரே கடலும் ஒரே தேவையும் ஒத்த நியதியைப் பிறப்பிக்கக்கூடும் என்பதற்கு அவர்தம் குடிசைகளே சாட்சி.

எனினும், பொதுவானதெல்லாம் நீதியாகிவிடாது. அடிமைமுறையும் ‘யூஸ் கென்டிய’த்தைச் சேர்ந்ததே, இயற்கைக்கு முரணானது என ஒப்புக்கொண்டே ரோமர் அதனை ஏற்றனர். நம் ஃபுகஹாக்களும் அம்முறைக்கு விதிகள் வகுத்தனர். அடிமையை விடுவிப்பதை இபாதத்தாகவும் போற்றினர். வழக்கத்தை, ‘உர்ஃபை’, நாம் ஏற்பது அது மார்க்க ஆதாரத்திற்கு முரண்படாதவரைதான். உலகம் ஒப்பிய வழக்கமேயாயினும் நீதியின் தராசில் நிறுத்தே கொள்ளவேண்டும். வலை உலர்த்தும் உரிமை அத்தராசில் தேறும். அடிமை விலங்கு தேறாது.