இடறாமல் வந்த ஒளி

வட்டவடை மலைக்கிராமத்தின் சரிவை எதிர்மலையில் நின்று பாருங்கள். மடிப்பில்லாமல் விரித்த பச்சைப் பாய். பக்கத்தில் போனால்தான் தெரியும், அத்தனையும் படிகள். பூண்டும் கேரட்டும் விளைகிற படி வயல்கள்.

காலமும் வெளியும் சேர்ந்த காலவெளியும் அப்படித்தானா? சென்ற வாரம் இந்தக் கேள்வியில்தானே உங்களை விட்டுப் போனேன்!

படி இருந்தால் அதன் அளவு பிளாங்க் நீளம். ஒரு மீட்டரைப் பத்தால் ஏறக்குறைய 35 முறை வகுக்க வேண்டும். எந்தக் கருவிக்கும் எட்டாது.

1998-இல் இயற்பியலாளர் அமெலினோ-கமேலியாவும் கூட்டாளிகளும் ஒரு வழி சொன்னார்கள். ஒளியை ஓடவிட்டுப் பார்ப்போம். படிகள் இருந்தால், ஆற்றல் மிகுந்த ஒளி அவற்றில் இடறிப் பிந்தலாம். ஓர் இடறல் தெரியாது. கோடிக்கணக்கான ஆண்டு ஓடினால்? தாமதம் சேர்ந்துகொண்டே போகும். கடிகாரமே காட்டிக் கொடுத்துவிடும்!

11 ஆண்டுக் காத்திருப்பு.

2009 மே 10. நம் நேரப்படி காலை 5 மணி 53 நிமிடம். வட்டவடையில் பொழுது விடிகிறது. பூமியைச் சுற்றும் ஃபெர்மி தொலைநோக்கியில் ஒரு காமாக்கதிர் வெடிப்பு பதிவாகிறது. 730 கோடி ஆண்டு ஓடிவந்த ஒளி. அது புறப்பட்டபோது பூமியே பிறக்கவில்லை.

குறைந்த ஆற்றல் கதிர்கள் முதலில் வந்து சேர்ந்தன. 3,100 கோடி எலக்ட்ரான் வோல்ட் சுமந்த ஒற்றை ஒளித்துகள் இன்னும் வரவில்லை.

இடறிவிட்டதா?

0.9 விநாடிக்குள் வந்து நின்றது.

பிளாங்க் நீளப் படிகள் எளிய கணக்குப்படி இடறவைத்திருந்தால், இன்னும் பிந்தியிருக்க வேண்டும். அந்தக் கணக்கு தோற்றது.

அப்படியானால் படியே இல்லையா? அவசரப்படாதீர்கள். வட்டவடைக்காரர் படி வயலில் இடறாமல்தான் நடக்கிறார். அதனால் படி இல்லை என்று ஆகிவிடுமா?

சென்னை தரமணியில், கணித அறிவியல் நிறுவனத்தின் இயற்பியலாளர்கள் ரமேஷ் கவுலும் பார்த்தசாரதி மஜும்தாரும் வேறு பக்கமாகப் போனவர்கள். கருந்துளையின் மேற்பரப்பைத் துண்டு துண்டாகவே எண்ணி, அதன் ஒழுங்கின்மை அளவான என்ட்ரோபியின் கணக்குக்கு 2000-இலேயே ஒரு திருத்தம் கண்டவர்கள். அவர்கள் கணக்கு ஒளி பிந்துவதை நம்பியதல்ல; அதனால் இந்த ஒளித்துகளால் அது கலையவில்லை.

திருவனந்தபுரத்தில் பிறந்த இயற்பியலாளர் தாணு பத்மநாபன் கையிலோ வேறொரு துருப்புச்சீட்டு இருந்தது. தண்ணீர் சூடாகிறது என்றால் உள்ளே அசைகிற மூலக்கூறுகள் உண்டு.

காலவெளியே சூடாக முடியுமானால், அதற்குள் அசைவது எது?

அடுத்த வாரம் அந்தச் சூட்டைத் தொட்டுப் பார்ப்போம்.