செம்பின் எல்லையும் சொல்லின் எல்லையும்

அச்சோவியம் ஒன்றின் அடியோரத்தை உற்று நோக்கினால், பென்சிலால் எழுதப்பட்ட இரண்டு எண்களைப் பெரும்பாலும் காணலாம். ‘12/75’ என்றிருந்தால், அப்படம் 75 படிகளாக மட்டுமே வெளியிடப்பட்டது என்றும், நம் கையிலிருப்பது அவற்றுள் 12 எனும் எண்ணுடையது என்றும் பொருள். அருகில் கலைஞரின் கையொப்பம் இருக்கும். இதனையே வரையறுத்த பதிப்பு என்பர். தூரிகையால் தீட்டிய ஓவியம் ஒன்றே ஒன்றாய் இருப்பது இயல்பு. பலவாகப் பெருகுவதற்கென்றே தோன்றிய அச்சுக்கு எல்லை எங்கிருந்து வந்தது? இவ்வினா கலை வரலாற்றில் தொடங்கி, மனிதனின் மனச்சான்று வரை நம்மை அழைத்துச் செல்கிறது.

தொடக்கத்தில் அந்த எல்லை செம்பிலேயே இருந்தது. செப்புத் தகட்டில் கூரிய ஊசியால் நேரே கீறும்போது, கீறலின் ஓரங்களில் செம்பு பிசிராக எழும்பி நிற்கும். அப்பிசிரில் மை தங்குவதால்தான் கோடு பட்டுப்போன்ற கருமை பெறுகிறது. அழுத்து எந்திரத்தின் உருளைக்கடியில் தகடு செல்லுந்தோறும் பிசிர் நசுங்கும். சில பத்துப் படிகளுக்குள் அதன் அழகு தேய்ந்துவிடும். அமிலத்தால் அரிக்கப்பட்ட கோடு கூடுதலாகத் தாங்கும். ஆயினும் அதற்கும் முடிவு உண்டு. எனவே எத்தனை படிகள் என்று எவரும் அறிவிக்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்பெயின் நாட்டுக் கலைஞர் கோயாவின் வரலாறு இதற்குச் சான்று. அவர் 1799-ஆம் ஆண்டில் ‘கப்ரிச்சோஸ்’ என்னும் 80 படங்களின் தொகுதியை வெளியிட்டார். பின்னர் அவர் செதுக்கிய ‘டிஸ்பராதேஸ்’ தொகுதியில், இறக்கைகளைக் கட்டிக்கொண்டு மனிதர்கள் இருள்வெளியில் பறக்கிறார்கள். சர்ரியலிசம் எனப்படும் கனவுநிலை ஓவிய நெறி பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே வரையப்பட்ட கனவுகள் அவை. கோயா 1828-இல் மறைந்தார். அத்தொகுதியின் 18 தகடுகளை 1864-இல் மத்ரித் நகரின் சான் பெர்னாந்தோ கலைக்கழகம் அச்சிட்டது. கலைஞர் இல்லாத காலத்திலும் அவர்தம் தகடு பேசும் என்பதை உலகம் கண்டது.

இதற்கிடையில், 1857-ஆம் ஆண்டளவில் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. மின்னாற்றலால் செப்புத் தகட்டின்மேல் மெல்லிய இரும்புப் படலம் ஏற்றும் முறை பிரான்சு நாட்டில் தோன்றியது. படலம் தேய்ந்தால் அதனை நீக்கி மீண்டும் ஏற்றலாம். ஆகவே ஆயிரக்கணக்கான படிகளைத் தரமாக எடுக்க முடிந்தது. செம்பு வகுத்த எல்லை அகன்றது. அவ்விடத்தில் மனிதனின் சொல் வந்து நின்றது. அச்சோவியங்களில் எண்ணிடுவதும் கையொப்பமிடுவதும், பதிப்பு முடிந்ததும் தகட்டின் குறுக்கே கோடு கீறி அதனைப் பயனற்றதாக்குவதும் இதன் பின்னரே படிப்படியாக வழக்கமாயின.

அச்சொல் மிகக் கடுமையாகச் சோதிக்கப்பட்டது சர்ரியலிசக் கலைஞர் சால்வதோர் தாலியின் (1904–1989) வாழ்வில்தான். தாந்தேயின் பிறப்பின் எழுநூறாம் ஆண்டு விழாவுக்காக இத்தாலிய அரசு 1950-இல் அவரிடம் ஓவியங்கள் கேட்டது. ஸ்பானியர் ஒருவருக்கு அப்பணியை அளிப்பதா என்று எதிர்ப்பு எழவே, அரசு பின்வாங்கியது. ஆயினும் தாலி 100 நீர்வண்ண ஓவியங்களை முடித்தார். பிரான்சில் கைவினைஞர்கள் ஏறத்தாழ 3,500 மரக்கட்டைகளைச் செதுக்கி அவற்றை அச்சுக்குக் கொணர்ந்தனர். 1960-களில் திருவிவிலியத்திற்கென அவர் 105 படங்களையும் வரைந்தார். உழைப்பும் கற்பனையும் நிறைந்த படைப்புகள் இவை.

அதே கலைஞர்தான் படமே அச்சிடப்படாத வெற்றுத் தாள்களிலும் கையொப்பமிட்டுக் கொடுத்தார். 1974-இல் அந்தோரா எல்லையில் பிரெஞ்சு சுங்கத்துறையினர் நிறுத்திய ஒரு வண்டியில், அவர் ஒப்பமிட்ட ஏறத்தாழ 40,000 வெற்றுத் தாள்கள் இருந்தன. கையொப்பம் மெய்யானது, ஆனால் அதன்மேல் எதனை, எவர், எத்தனை முறை அச்சிடுவார் என்பதற்கு எவரும் பொறுப்பில்லை. தாலியின் பெயரில் போலிகள் பெருகின. சேமிப்பைக் கொடுத்துப் படம் வாங்கிய எளியோர் ஏமாந்தனர். நேர்மையான அவருடைய பதிப்புகளும் இன்றுவரை ஐயத்திற்கு உள்ளாகின்றன.

மற்றொரு கலைஞரை இங்கு நினைவுகூர்வது தகும். பிரான்சு நாட்டுக் கத்தோலிக்கர் ஜார்ஜ் ருவோ (1871–1958), 51-ஆம் திருப்பாடலின் இலத்தீன் தொடக்கச் சொல்லைத் தலைப்பாகக் கொண்டு ‘மிசரேரே’ என்னும் 58 படங்களைப் படைத்தார். துன்புறும் ஆண்டவரும், போரில் நொறுங்கிய மாந்தரும் அவற்றில் அருகருகே நிற்கின்றனர். 1920-களில் அவர் உழைத்த அத்தகடுகள் 1948-இல்தான் 450 படிகளாக வெளிவந்தன. பின்னர் தகடுகள் கீறி அழிக்கப்பட்டன. அதே ஆண்டில், வழக்காடித் திரும்பப் பெற்ற தம் ஓவியங்களுள் இனி முடிக்க இயலாதெனக் கருதிய 315-ஐ ருவோ சாட்சிகள் முன்னிலையில் தீயிலிட்டார். தம் பெயரால் நிறைவற்ற எதுவும் உலவலாகாது என்பதே அவர் எண்ணம். ஒருவர் ஒப்பத்தை முன்னிட்டு வெற்றுத்தாளை விலையாக்கினார்; மற்றவர் ஒப்பத்தின் மாண்பை முன்னிட்டு விலைமிக்க ஓவியங்களை எரித்தார்.

இன்றைய கலைஞர்கள் பலர் கணினியில் வரைந்த கனவுருக்களை மைதெளிப்பு அச்சில் எடுத்து, 30 என்றும் 50 என்றும் எண்ணிட்டு விற்கின்றனர். கணினிக் கோப்புக்குத் தேய்மானமே இல்லை. ஐம்பதுக்குப் பின் ஐம்பத்தொன்றாவதை எடுக்க ஒரு விரலசைவு போதும். எடுத்தாலும் வாங்கியவருக்குத் தெரியப்போவதில்லை. அந்த விரலைத் தடுத்து நிறுத்துவது கலைஞர் கொடுத்த வாக்கு ஒன்றே. கடனுறுதிச் சீட்டிலும், திருமணப் பதிவேட்டிலும், சாட்சிக் கையெழுத்திலும் நாம் இடும் ஒப்பத்தைக் காப்பதும் அதுவே அன்றோ? படத்தின் ஓரத்திலுள்ள அச்சிறு பென்சில் எழுத்தைக் காணும்போது, அதனையும் சற்று நின்று வாசிப்போம்.